ஒரு குவளை கூடுதல்

அந்த ஆபீசில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எனக்கு டீ வரவில்லை. காலை பதினொரு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் டீக்காரர் கெட்டிலோடு வருவார். மேஜைக்கு ஒரு மண் குவளையை வைத்து ஊற்றிக்கொண்டே போவார். கடைசி வரிசையில் கடைசி மேஜை என்னுடையது. அங்கே வரும்போது குவளை தீர்ந்திருக்கும். கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். தெற்கத்திக்காரி காபிதான் குடிப்பாள் என்று நினைத்துவிட்டாராக்கும் என்று நாலு நாள் பொறுத்துக்கொண்டேன். பொறுமை என்னோடு கூடப் பிறந்ததில்லை. ஐந்தாம் நாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "முப்பத்தொரு குவளை பௌதி, எப்பவும் அதுதான். நீங்க வந்ததுல ஒண்ணு கூடிப்போச்சு" என்றார். கல்யாணமான பெண்களை அங்கே பௌதி என்பார்கள், நம் அண்ணி மாதிரி. பிறகு வங்காளியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "ஏக்டா பேஷி." ஒன்று அதிகம். அந்த இரண்டு வார்த்தைதான் நான் கல்கத்தாவில் கற்றுக்கொண்ட முதல் வங்காளி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. நான் திருச்சியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கிளையில் டைப்பிஸ்ட். கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று ஒரு விதி இருந்ததால், மனுவுக்கு மேல் மனுப் போட்டு, அதே நிறுவனத்தின் கல்கத்தா கிளைக்கு நானும் மாற்றல் வாங்கினேன். ஆர்டரில் 'காலியிடத்துக்கு எதிராக' என்று தெளிவாகப் போட்டிருந்தது. டாலிகஞ்சில் வீடு, டல்ஹௌசி பக்கம் ஆபீஸ், மெட்ரோவில் ஏறினால் அரைமணி. மகளுக்கு மூன்று வயது. எல்லாம் கூடி வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

டீக்காரர் சொன்னது மனதில் உறுத்தியதால் ஆபீசை எண்ணிப் பார்த்தேன். என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர். மேஜை முப்பத்திரண்டு. ஹாலின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு மேஜைக்கு ஆளில்லை. ஆளில்லையே தவிர மற்றதெல்லாம் இருந்தது. நாற்காலி முதுகில் துண்டு போர்த்தியிருந்தது. பேனாத் தட்டில் பேனா இருந்தது. பியூன் தினமும் காலையில் தண்ணீர்த் தம்ளர் வைத்து மூடி போட்டான். டீக்காரர் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அங்கே ஒரு குவளை ஊற்றினார். கல்கத்தா மே மாதப் புழுக்கத்தில் முப்பத்தொரு பேரும் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த விசிறி ஆளில்லாத நாற்காலிக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருத்தர்கூட எழுந்து போய் அதன் கீழே உட்கார மாட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பியூன்தான் விஷயத்தைச் சொன்னான். அந்த மேஜைக்காரர் நான் வருவதற்கு ஆறேழு வருஷம் முன்பு ஒரு நாள் மூன்று மணிக்கு, டீயை ஊற்றிய பிறகு, "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாராம். டீயைக் குடிக்கவில்லை. திரும்பியும் வரவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பத்திரிகை விளம்பரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆள் போன இடம் தெரியவில்லை.

"வீட்டுல யாரும் இல்லியா?" என்று கேட்டேன்.

பியூன் என் எதிர் மேஜையைக் கண்ணால் காட்டினான். அங்கே தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அம்மாளை எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். வகிடு நிறையக் குங்குமம், கையில் சங்கு வளையும் சிவப்பு வளையும், அங்கே நம் தாலி மாதிரி. சேர்ந்த அன்றைக்கு எனக்கு டப்பாவைத் திறந்து பாதி சந்தேஷ் இனிப்பைக் கொடுத்தவள் அவள். ஆபீசின் வருகைப் பதிவேடு அவள் பொறுப்பு. மாதா மாதம் புதுப் பக்கத்தில் எல்லார் பெயரையும் அவளே வரிசையாக எழுதுவாள். ஏழாவதாக அவர் பெயர். நேரே கட்டத்தில் தினமும் ஒரு சின்னக் கோடு. வந்தார் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. கணவன் மனைவி இருவரும் ஒரே ஹாலில் வேலை பார்த்திருக்கிறார்கள். சம்பளம் எப்போதோ நின்றுவிட்டது, பெயர் மட்டும் நிற்கவில்லை. அதை எடுக்கச் சொல்லும் தைரியம் அந்த ஆபீசில் எவருக்கும் இல்லை. தலைமையகத்துக் காகிதத்தில் அது காலியிடம். அந்தக் காலியிடத்துக்குத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு குவளை வந்தது. ஆனால் நான் என் டீயை நிம்மதியாகக் குடித்ததாக ஞாபகமில்லை. கண் ஆளில்லாத அந்த ஏழாவது மேஜைக்கே போகும். மூன்று மணிக்கு ஆவி பறக்க நிறைந்திருக்கும் குவளை, நாலு மணிக்குக் காலியாக இருக்கும். பியூன் குடிக்கிறான் என்று நினைத்தேன். வேலையைப் போட்டுவிட்டு ஒரு மணிநேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். யாரும் கிட்டே போகவில்லை. நாலு மணிக்கு எழுந்து போய் எட்டிப் பார்த்தால் அடியில் டீத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது. நாற்காலித் துண்டை லேசாகத் தொட்டேன். டிசம்பர் மாதம், தொட்டதெல்லாம் காய்ந்து கிடக்கும் குளிர். துண்டு ஈரமாக இருந்தது, இப்போதுதான் யாரோ முகம் துடைத்தது மாதிரி. திரும்பிப் பார்த்தேன். தீதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அரைகுறையா சுட்ட மண்ணுடி அது. டீயை உறிஞ்சிடும். பேய் வந்து உன் ஆபீஸ் டீயைக் குடிக்குதாக்கும், அதுக்கு வேற கதியில்லாம."

"அப்ப என் குவளை மட்டும் ஏன் உறிஞ்சல?"

"நீ விட்டு வச்சாத்தான உறிஞ்சும்? ஊத்தின கையோட குடிச்சுர்றே."

பேச்சில் அவரை மடக்க முடியாது. சரி, மண்தான் குடிக்கிறது என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த ஆபீசில் இருந்தவர்களும் அவரவருக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒரு குவளை அதிகமாக இருப்பது ஆபீசுக்கே பழகிப்போனது. பிறகு தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. நிறுவனம் நஷ்டத்தில் இருக்கிறது, ஆளைக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு கிளையும் மூன்று பட்டியல் அனுப்பட்டும் என்று. எக்ஸஸ் ஒரு பட்டியல், சர்ப்ளஸ் ஒரு பட்டியல், ரிடண்டண்ட் ஒரு பட்டியல். நான் படித்த டைப்ரைட்டிங் இங்கிலீஷில் மூன்றுக்கும் ஒரே அர்த்தம், அதிகம் என்று. நேரே எங்கள் அதிகாரியிடம் போய், "சார், ஒரே ஆளை மூணு தடவை அடிக்கணுமா?" என்று கேட்டேன்.

அவர் சாது மனிதர். வங்காளிகளுக்கே உரிய நிதானத்தோடு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார். நாங்கள் இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கல்யாணப் பந்தியில் இருக்கிற இலைக்கு மேல் வந்து நிற்கிற ஆள் எக்ஸஸ். அவரை அடுத்த பந்திக்கு அனுப்பிவிடலாம், அதாவது அஸ்ஸாம் கிளைக்கு. இலை போட்டு உட்கார வைத்து, பரிமாற ஒன்றுமில்லை என்றால் அவர் சர்ப்ளஸ். சும்மா உட்கார்ந்திருப்பார், சம்பளம் வரும். பந்தியே முடிந்து பாயைச் சுருட்டிய பிறகும் உட்கார்ந்திருக்கிறவர் ரிடண்டண்ட். அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

"இலை போட்டிருக்கு, ஆள் வரலை. அதுக்கு என்ன வார்த்தை சார்?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சர்க்குலரில் அதற்கு இடம் இல்லை மேடம்" என்றார்.

அன்று சாயந்திரம் லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி அரைபடக் காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிளைக்கு அனுமதித்த எண்ணிக்கை முப்பத்தொன்று. பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர். கூடுதலாக இருக்கிற அந்த ஒன்று யார்? கடைசியாக வந்து சேர்ந்தவள் நான். ஏழாவது மேஜைக்காரர் இருக்கிறார் என்றால் எக்ஸஸ் நான்தான். மூட்டையைக் கட்டிக்கொண்டு அஸ்ஸாமுக்கு நடக்க வேண்டியதுதான். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். பயந்தேன். பொடியை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

"வராத ஆளை எப்படிம்மா கணக்குல வைப்பாங்க?" என்றார் வீட்டுக்காரர். "நாளைக்கே உங்க ஆபீசர்கிட்ட சொல்லு."

அவருக்கு எங்கள் ஆபீஸ் தெரியாது. கல்கத்தா ஆபீஸ்களில் தலையை எண்ண மாட்டார்கள், மேஜையைத்தான் எண்ணுவார்கள். எந்த நேரத்தில் எண்ணினாலும் பாதி ஆள் டீக்கும் சிகரெட்டுக்கும் கீழே போயிருப்பான். அதனால் மேஜை இருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். எங்களை எண்ணிப் பார்க்கத் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அவர்களும் மேஜையைத்தான் எண்ணுவார்கள். முப்பத்திரண்டு என்று எழுதிக்கொள்வார்கள்.

பட்டியல் அடிக்கும் வேலை எனக்கு. தலைமையகம் அச்சடித்த படிவம் அனுப்பியிருந்தது. மொத்த ஊழியர் பெயரையும் எழுத அதில் முப்பத்தொரு வரிசை. தீதியின் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அடித்தேன். ஏழாவது பெயரில் கை நின்றது. அதை விட்டுவிட்டு மேலே போனால் என்ன என்று தோன்றியது. எதிரே தீதி. விசிறி சுற்றும் சத்தம். என் கை தானாக அந்தப் பெயரை அடித்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. வரிசை முடியும் வரை அடித்தேன், படிவத்தை உருவினேன், மொத்தம் முப்பத்தொன்று என்று சரியாக வந்தது. எக்ஸஸ் பட்டியலில் 'இல்லை' என்று அடித்தேன். எப்படிச் சரியாக வந்தது என்று என் மண்டையில் ஏறவேயில்லை. ஒரு சுமை இறங்கின மாதிரி மட்டும் இருந்தது.

அடித்ததைச் சரிபார்க்க ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் நகலில் டிக் போடுவது வழக்கம். தீதி வாசித்தாள். நான் டிக் போட்டேன். அவள் வாசிக்கிற குரல் மெதுவாக, ஒரே சீராக இருக்கும், பூஜையில் பெயர் சொல்கிற மாதிரி. ஏழாவது பெயரை வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசித்தாள். முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு டிக். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லவேளை, நம்மிடம் எக்ஸஸ் யாருமில்லை" என்று சந்தோஷப்பட்டார். "நாளைக்கு அவர்கள் வருவதற்குள் பட்டியலில் இல்லாத மேஜை ஒன்றை ஸ்டோருக்கு எடுத்துவிடச் சொல்கிறேன்" என்றார். ஏழாவது மேஜையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஹாலுக்குள் நுழைந்தால் பியூனும் இன்னொருத்தனும் என் டைப்ரைட்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு என் மேஜையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், என்ன பண்றே?" என்றேன்.

பியூன் பட்டியலின் நகலைக் காட்டினான். "இதுல உங்க பேர் இல்லியே மேடம்."

வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை விரலை வைத்துப் படித்தேன். அவர் இருந்தார், நான் இல்லை. பதிவேட்டில் கடைசிப் பெயர் என்னுடையது. வரிசை முடிந்ததும் நான் என்னை அடிக்காமலே காகிதத்தை உருவியிருக்கிறேன். என் கையாலேயே. ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்ட எனக்கு, என் பெயர் கூப்பிடப்படவில்லை என்று காதில் விழவேயில்லை. அந்த நேரத்தில் டீக்காரர் வந்தார். வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தவர், மேஜை இருந்த வெற்றிடத்தைத் தாண்டி, என்னையும் தாண்டி, ஏதோ நான் அங்கே நிற்கவே இல்லை என்பது போலப் போனார். ஹாலில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஒரு நிமிஷம் என் கையை என் கையாலேயே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வலிக்கும் வரை எனக்கு நிச்சயமில்லை.

தீதியிடம் போனேன். "நேத்து வாசிச்சப்போ நீங்க கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்" என்றாள். பொய் சொல்லவில்லை. எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

"ஏன் சொல்லல?"

அப்போதுதான் பேனாவை வைத்தாள். அவள் வங்காளியில் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டேன். "உனக்கு ஊர் இருக்கு. புருஷன் இருக்கான், பொண்ணு இருக்கா. அஸ்ஸாமுக்குப் போனாலும் நீ நீதான். அவர் இந்தப் புஸ்தகத்துல மட்டும்தான் இருக்கார். இதுலயும் இல்லேன்னா அவர் எங்கயும் இல்ல."

இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. தலைக்கேறின கோபம். "இல்லாத ஆளுக்காக இருக்கிற ஆளை இல்லேன்னு ஆக்கிட்டீங்களே. நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

தீதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அவர் இடத்துல வந்தே" என்றாள்.

நான் திரும்பி வந்து, டைப்ரைட்டரைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து புதுப் படிவத்தை ஏற்றினேன். ஆறாவது பெயருக்குப் பிறகு எட்டாவதை அடித்தேன். முப்பத்தொன்றாவது வரிசையில் என் பெயரை அடித்தேன். சாவியை ஒவ்வொன்றாக ஓங்கி அடித்ததில் காகிதத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்தது. அவரை நான் எக்ஸஸில் போடவில்லை, சர்ப்ளஸில் போடவில்லை, ரிடண்டண்டில் போடவில்லை. எதிலும் போடவில்லை. சரிபார்க்க யாரையும் கூப்பிடவும் இல்லை. நேரே அதிகாரியிடம் கொண்டு போனேன். அவர் நெடுநேரம் காகிதத்தைப் பார்த்தார். "ரொம்ப நாள் முன்பே நான் செய்திருக்க வேண்டியது" என்று முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஏழாவது மேஜையையும் நாற்காலியையும் ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது துண்டு கீழே விழுந்தது. தீதி எழுந்து வந்து எடுத்து, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்து எண்ணினார்கள். முப்பத்தொன்று. திருப்தியாகப் போனார்கள்.

என் மேஜையை அதிகாரி விசிறிக்குக் கீழே, காலியான அந்த இடத்தில் போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஹாலின் நடுவில் வெற்றிடம் இருக்கக் கூடாது என்றார். மறுநாள் டீக்காரர் முப்பத்தொரு குவளையோடு வந்தார். எனக்கும் ஊற்றினார். மூன்று மணி டீயை நான் தொடவில்லை, வேலை இருந்தது. நாலு மணிக்குக் கையை நீட்டினேன். குவளை காலி.

நான் குடிக்கவில்லை. உதட்டில் ருசியில்லை, நாக்கில் சூடில்லை. குவளைக்குள் அடியில் டீத்தூள். தன் மேஜையிலிருந்து தீதி அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சாந்தம். அதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அதன் பிறகு இரண்டு வருஷம் தினமும் அப்படித்தான். பதினொரு மணி டீயை நான் ஊற்றின கையோடு குடித்துவிடுவேன். மூன்று மணி டீயைக் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. அது என்னுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது. என் முதுகில் சில சமயம் துண்டு போர்த்தின மாதிரி கனக்கும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மண் உறிஞ்சுகிறது என்பார், அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு அந்தச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. தப்புச் செய்தவளுக்குத் தண்டனை என்று நினைத்தேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விடவில்லை, அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய இடமாயிற்றே. தீதி என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினாள். மாதா மாதம் பதிவேட்டில் முப்பத்தொரு பெயர் எழுதினாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு வரி அளவு இடம் விட்டு எழுதினாள். அதை யாரும் கேட்கவில்லை.

அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிந்தபோது ஒரு நாள் அவளே என் மேஜைக்கு வந்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில வா. ஆதிகங்கைக் கரைக்கு" என்றாள். "எதுக்கு தீதி?" என்றேன்.

காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பார்கள். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாதாம். தர்ப்பையால் ஒரு பொம்மை கட்டி, உடம்பு என்று வைத்து, எரித்துக் காரியம் செய்ய வேண்டும். அவருடைய தம்பி வந்து கொள்ளி வைக்கிறார் என்றாள். "நீ வரணும். நீதான அவரை முதல்ல எழுதாம விட்டவ" என்றாள். குரலில் கோபமில்லை. அதைவிடக் கோபமாகப் பேசியிருக்கலாம்.

போனேன். ஆற்று நீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. பொம்மைக்கு எலும்பாக வைக்க முந்நூற்று அறுபது புரச இலைக் காம்பு வேண்டும். தலைக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று புரோகிதர் சொல்லச் சொல்ல வைக்க வேண்டும். காம்புக் கட்டை அவிழ்த்து எண்ணச் சொன்னார். "அவ எண்ணட்டும்" என்று தீதி என்னைக் காட்டினாள். "அவ எண்ணினா சரியா இருக்கும்."

ஈரமணலில் உட்கார்ந்து எண்ணினேன். பத்துப் பத்தாக அடுக்கி மூன்று தடவை எண்ணினேன். முந்நூற்று அறுபது, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. புரோகிதர் தலையிலிருந்து கால் வரை வைத்து முடித்தார். பொம்மைக்கு அவர் சட்டையைப் போர்த்தினார்கள். தீதி பைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். புரோகிதர் கையைத் தட்டிவிட்டு எழுந்திருக்கப் போனவர் நின்றார்.

மணலில் ஒரு காம்பு கிடந்தது.

"ஏக்டா பேஷி" என்றார் அவர்.

தப்பாக எண்ணியிருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. தீதி குனிந்து அந்தக் காம்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பட்டியல் வாசிக்கிற அதே மெதுவான குரலில் கேட்டாள்: "இதை எந்த லிஸ்ட்ல போடுவே?"

இலையில்லாத ஆளா, பரிமாறாத இலையா, சுருட்டின பாயா. மூன்று வார்த்தையும் எனக்குத் தெரியும். அழுகைதான் வந்தது. "தெரியல தீதி. என்னை மன்னிச்சிருங்க. நான் பயந்துட்டேன்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். பிறகு பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் காம்பை அதன் வலது கையில் வைத்து, தர்ப்பையை மேலே மடித்து மூடினேன். ஏன் அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

தீதி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆமா" என்றாள். "அந்தக் கையிலதான் குவளையைப் பிடிப்பார்."

தம்பி கொள்ளி வைத்தார். தர்ப்பை சட்டென்று எரிந்து முடிந்தது. கரையோரம் ஒரு கல்லில் தட்டித் தீதி சங்கு வளையை உடைத்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த ஆபீஸ் இரண்டாயிரத்துக்குப் பிறகு மூடப்பட்டது. எங்கள் எல்லாரையும் ரிடண்டண்ட் என்ற ஒரே சொல்லில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் ஞாபகத்தில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள்தான். தீதி லீவு போடவில்லை. வெறும் வகிடும் வெறும் கையுமாக வந்து பதிவேட்டைத் திறந்தாள். மூன்று மணிக்கு டீக்காரர் வந்து எனக்கு ஊற்றிவிட்டுப் போனார். நான் தொடவில்லை. நிமிரவே இல்லை, குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தேன். நாலு மணி ஆனது.

குவளை நிறைய டீ அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்து, ஆறிப்போய்.

தீதி எழுந்து வந்தாள். குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "போயிட்டார்" என்றாள். பிறகு அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"குடி" என்றாள். "இனிமே இது உன்னோடது."

ஆறின டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.